மொட்டைமாடியில் யாருக்கு முதலில் இடம்?

பங்குனி கடைசி வாரத்தில் மதுரைப் பக்கம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் உட்கார இடம் கிடைப்பது சிரமம். கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் புளியைக் கொட்டியிருப்பார்கள். சோபாவில் காம்பு கிள்ள வேண்டிய மிளகாய் வத்தல். அடுப்படியில் அண்டா நிறைய அரிசி ஊறும். முழுப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை புத்தகத்தோடு மாடிப்படியில் ஒதுங்கியிருக்கும். இவ்வளவுக்கு நடுவிலும் வந்தவருக்கு ஒரு டம்ளர் டீ வந்துவிடும். அந்த டீ ஆறுவதற்குள் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வருஷத்தில் ஐம்பத்திரண்டு வாரம் இருக்க, இத்தனை வேலையையும் கொண்டுவந்து ஏன் இந்த ஒரு வாரத்தில் குவிக்கிறார்கள்?

வீட்டு அம்மாவிடம் கேட்டால், "எப்பவும் இப்பத்தானே போடுவோம்" என்பார். அவருக்கு அதற்கு மேல் சொல்ல நேரம் இருக்காது. நாமே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதல் காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. சூரியன் நமக்கு நேர் உச்சியில் வருவது கத்திரி வெயில் காலத்தில் என்றுதான் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கத்திரி தொடங்குவது மே 4 வாக்கில். ஆனால் சூரியன் கன்னியாகுமரிக்கு நேர் உச்சியில் ஏப்ரல் 10, 11 வாக்கிலேயே வந்துவிடும். மதுரைக்கு 15, 16. சென்னைக்கு 24, 25. அன்று நண்பகலில் செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும். அப்புறம் சூரியன் வடக்கே போய்த் திரும்பி வரும்போது ஆகஸ்டில் இன்னொரு தடவை உச்சிக்கு வரும். அப்போது மேகம் வந்துவந்து மறைக்கும், காற்றிலும் ஈரம் இருக்கும். பங்குனிக் கடைசியில் அந்தத் தொல்லை குறைவு.

வெயில் மட்டும் இருந்தால் ஒரு பொருள் காய்ந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொருளிலிருந்து கிளம்புகிற ஈரத்தை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் வேண்டும். மதுரை கடலிலிருந்து தள்ளியிருக்கிற ஊர். இங்கே பங்குனி மத்தியானக் காற்று வறண்டது. அதே வெயிலில் சென்னை மெரினா பக்கத்து மாடியில் காய்வதற்குக் கூடுதலாக ஒரு நாள் பிடித்தால் ஆச்சரியப்பட வேண்டாம், கடற்காற்று ஈரத்தோடு வருகிறது. சரி, இன்னும் சூடான சித்திரையில் போட்டால் என்ன? சித்திரையில் மூன்று மணிக்கு மேல் இடி இடித்துக் கோடை மழை கொட்டும் நாட்கள் உண்டு. வைகாசி, ஆனியில் தென்மேற்குக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து ஈரக் கூழின்மேல் தூவும். ஆக, பங்குனி நடுவில் தொடங்கிச் சித்திரை பிறந்து சில நாள்வரைதான் மாடி நமக்கு நிச்சயம்.

இரண்டாவது காரணம் சந்தையில் இருக்கிறது. மாசி, பங்குனியில்தான் புதுப்புளி உலுக்கி வருகிறது. கரிசல் காட்டு மல்லியும் இராமநாதபுரம் குண்டு மிளகாயும் வரத்தாகி விலை படிகிற காலமும் இதுவே. அந்தக் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாமரத்தில் வடு தொங்குகிறது. வேம்பு பூத்து உதிர்கிறது. இவற்றில் ஒன்றுகூட நம் சௌகரியத்துக்காகக் காத்திருக்காது. அழகர்மலைப் பக்கத்து வடு இரண்டு வாரம் தாண்டினால் வடுவாக இருக்காது, மாங்காயாகிவிடும்.

மூன்றாவது, தேதி. ஏப்ரல் 14 வாக்கில் சித்திரை பிறந்துவிடும். அன்று இலையில் வேப்பம்பூவும் மாங்காயும் பச்சடியாக இருந்தாக வேண்டும். 2008-ல் தை முதல் நாள்தான் ஆண்டுப் பிறப்பு என்று சட்டம் வந்தது, 2011-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட வருஷங்களிலும் வேப்பம்பூ பங்குனி சித்திரையில்தான் உதிர்ந்தது, மரத்துக்கு யாரும் அரசிதழ் அனுப்பியிருக்கவில்லை. மதுரைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு நெருக்கடி உண்டு. சித்திரைத் திருவிழா. மீனாட்சி கல்யாணத்துக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டால் மாடியில் பாய் விரித்துப் படுக்க ஆளிருக்கும், வத்தல் விரிக்க இடமிருக்காது.

இப்போது வாரத்தின் சங்கதி புரியும். ஆள் பற்றாக்குறையைக் கூட அக்கம்பக்கத்தில் ஒத்தாசை கேட்டுச் சமாளித்துவிடலாம். மாடி ஒன்றுதான், அதில் நல்ல வெயில் விழுவது காலை எட்டிலிருந்து நாலு மணிவரைதான். புளி, மிளகாய், மல்லி, கூழ், மோர் மிளகாய், போர்வை, தலையணை எல்லாம் அந்த எட்டு மணி நேரத்துக்கு வரிசையில் நிற்கின்றன. யாருக்கு என்று இடம் என்ற பட்டியல் எந்தத் தாளிலும் இருக்காது. வீட்டில் ஒரு மனுஷியின் தலைக்குள் இருக்கும். வீட்டு வேலை என்று நாம் சொல்லும்போது கிளறுவதையும் பிழிவதையும்தான் கணக்கில் எடுக்கிறோம். இந்தப் பட்டியலைப் போடுவதுதான் அதில் கடினமான பகுதி என்பது என் கட்சி.

வரிசையில் முதலாவது கூழ்வத்தல். வடாம் என்பவர்களும் உண்டு, எண்ணெயில் போட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் பொரியும். அதற்கு ஏன் முதலிடம் என்றால், அதற்குத்தான் முதல் நாள் முழு வெயில் வேண்டும். ஈரக் கூழ் அன்று சாயங்காலத்துக்குள் மேலே தோல் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி புளித்து, மறுநாள் வாடை அடிக்கும். அதனால்தான் விடிகாலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிறார்கள். ஏழு, ஏழரைக்குப் பிழிந்து முடித்தால்தான் முழு வெயிலும் அதற்குக் கிடைக்கும். வெயில் ஏறிய பிறகு குனிந்து பிழிய யாராலும் முடியாது என்பதும் ஒரு காரணம்.

கூழில் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். அரிசி மாவில் இருப்பது மாவுச்சத்து. பச்சைத் தண்ணீரில் அதைக் கரைத்தால் கரைந்த மாதிரி தெரியும், சிறிது நேரத்தில் அடியில் படிந்துவிடும். சூடு எழுபது டிகிரியைத் தாண்டும்போது ஒவ்வொரு மணியும் தண்ணீரைக் குடித்து உப்பி உடைகிறது. உள்ளே சுருண்டிருந்த இழைகள் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. துடுப்பைச் சுழற்றச் சுழற்றக் கை வலிப்பது அந்தப் பின்னலால்தான். வெள்ளை நிறம் மாறிப் பளபளப்பு ஏறியதும், தண்ணீர் தொட்ட விரலால் கூழைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. ஒட்டினால் உள்ளே இன்னும் பச்சை மாவு இருக்கிறது. அப்படிப் பிழிந்த வத்தல் காயும்போதே உடையும், பொரித்தாலும் கல்லாகவே நிற்கும்.

எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுவதிலும் ஒரு காரியம் இருக்கிறது. புளிப்போடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டால் அந்த இழைகள் அறுந்து கூழ் நீர்த்துப்போகும். ஜவ்வரிசி சேர்க்கிறவர்கள் உண்டு. சேர்த்தால் பொரியும்போது கூடுதலாக மலரும். அது மரவள்ளிக் கிழங்கு மாவு, சேலத்துச் சரக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு வரத்து நின்றபோது அந்தப் பக்கம் வேர்பிடித்த தொழில் அது.

பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து தரையில் விரித்து, அதன்மேல் முறுக்கு உழக்கால் பிழிவார்கள். இப்போது பலரும் பிளாஸ்டிக் விரிப்புக்கு மாறிவிட்டார்கள், உரிப்பது சுலபம். எனக்கு வேட்டிதான் சரி என்று படுகிறது. துணி அடிப்பக்க ஈரத்தையும் உறிஞ்சுகிறது, சூடேறிய சிமெண்டுத் தளம் கீழிருந்தும் காய வைக்கிறது. சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வத்தல் தானாக விட்டுவரும். மறுநாள் அதைப் புரட்டிப் போடாமல் விட்டால் மேல் தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். டப்பாவில் போட்ட பிறகு பூஞ்சை பிடிப்பது இப்படித்தான். உடைத்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னொரு நாள் மாடிக்குப் போகட்டும்.

முழுக்கக் காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிற வத்தலுக்குள்ளும் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீர்தான் நமக்கு வேண்டியது. நன்றாகக் காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் அது ஒரே நொடியில் ஆவியாகி, இளகிய மாவை உள்ளிருந்து தள்ளுகிறது. வத்தல் இரண்டு மூன்று மடங்கு பெரிதாகிறது. எண்ணெய் காயாமல் போட்டால் ஆவி மெதுவாகக் கசிந்து போய்விடும், வத்தல் மலராது, எண்ணெயைத்தான் குடிக்கும்.

காவல் வேலை பிள்ளைகளுடையது. காக்காய்க்காகக் கறுப்புக் குடையை விரித்துவைப்பார்கள். குடைக்குப் பழகிய காக்காய்களும் உண்டு. தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளை அரைக்காய்ச்சலில் இருக்கிற வத்தலைப் பிய்த்துத் தின்னும். ஓரம் மொறுமொறுப்பும் நடு குழைவுமாக, உப்பும் உறைப்புமாக இருக்கும் அது. காக்காய் தின்றதைவிடக் காவல் தின்றது அதிகம் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அது கூலி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மிளகாய்க்கு அடுத்த நாள் இடம். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காம்பு கிள்ளி ஒரு நாள் காயப்போட்டு, குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். மல்லி கூடவே காயும். மறுநாள் மில்லுக்குப் போகும்போது, நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. முந்தியவர் சீயக்காய் அரைத்திருந்தால் வருஷம் முழுக்கச் சாம்பாரில் அதன் வாசம் இருக்கும். அரைத்த பொடி சூடாக இருக்கும். ஆறவைக்காமல் அடைத்தால் அந்த ஆவி மூடிக்கு அடியில் வேர்த்துப் பொடியிலேயே விழும். கட்டி பிடிப்பதும் வண்டு வருவதும் அப்புறம் நடக்கிறவை.

புளிக்கு வெயில் நிறைய வேண்டியதில்லை. ஒரு வெயில் காட்டினால் ஓடு நொறுங்கும், சதை லேசாக இளகும், கொட்டை பிதுங்கி வரும். ஓடு, நார், கொட்டை எல்லாம் போனால் ஏறக்குறைய பாதி எடைதான் மிஞ்சும். கொட்டையோடு வாங்கி மலிவு என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கொட்டையை எடுப்பது சமைக்கிற வசதிக்கு மட்டும் இல்லை. வண்டு குடியிருப்பது கொட்டையில்தான். சதைக்குப் பயமில்லை, அதன் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து அதைக் காப்பாற்றிக்கொள்ளும். கல்லுப்புத் தூவி அடுக்கடுக்காக மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அமுக்கி வைப்பார்கள். புளியின் அமிலம் உலோகத்தை அரிக்கும் என்பதால் பித்தளை, அலுமினியப் பக்கம் போக மாட்டார்கள். புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும், மாதங்கள் போகப்போகக் கறுக்கும். கறுத்த புளியைக் கெட்டது என்று கொட்டிவிடுகிற இளம் தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். ரசத்துக்கு அதுதான் நல்லது என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

வெயிலே வேண்டாத வேலை ஒன்று இந்த வாரத்தில் இருக்கிறது. மாவடு. அதனால் அதைப் பட்டியலில் நடுநடுவே செருகிக்கொள்வார்கள். கூழ் காய்கிற மத்தியானத்தில் கீழே வடு கழுவுவார்கள்.

மாமரம் பிடிக்கிற பிஞ்சில் பெரும்பகுதியை அதுவே உதிர்த்துவிடும். அத்தனையையும் பழுக்கவைக்க அதற்குச் சக்தி போதாது. ஆகையால் வடு பறிப்பது மரத்துக்குச் செய்கிற துரோகம் இல்லை. ஆனால் கீழே விழுந்த வடு ஊறுகாய்க்கு ஆகாது. அடிபட்ட இடம் முதலில் அழுகி, ஜாடி முழுவதையும் கெடுக்கும். உருண்டையான வடுவாக, சின்னக் காம்போடு பார்த்து வாங்க வேண்டும். உள்ளே கொட்டை ஓடு கட்டியிருக்கக் கூடாது. கடைக்காரர் ஒன்றைக் கடித்துப் பார்க்க விடாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். காம்பை ஒட்டி வடிகிற பால் உதட்டில் பட்டால் புண்ணாகும் என்பதால், கடிப்பதற்கு முன் துடைத்துக்கொள்ளுங்கள்.

கழுவி, நிழலில் ஈரம் போக ஆறவிட்டு, கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டுப் புரட்டி, ஒரு கிலோவுக்கு 100 முதல் 150 கிராம்வரை கல்லுப்புச் சேர்த்து ஜாடியில் போடுவார்கள். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. இரண்டு மூன்று நாளில் ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும். அது வடுவின் தண்ணீர். வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு என்பதால், தோல் வழியாக உள்ளிருக்கும் நீர் வெளியே இழுபடுகிறது. வடு சுருங்குவது அதனால்தான். அவ்வளவு உப்பில் கெடுக்கிற கிருமிகள் பலவும் தாக்குப்பிடிக்காது. உப்பைப் பொறுத்துக்கொள்கிற, புளிப்பை உண்டாக்குகிற கிருமிகள் மட்டும் நின்று வேலை செய்யும். நாள்தோறும் ஜாடியைக் குலுக்கச் சொல்வது, உப்புநீர் படாமல் மேலே மிதக்கிற வடுக்களுக்காக. மேலே நிற்பதில்தான் பூஞ்சை முதலில் வரும். நாலைந்து நாள் கழித்து அந்த நீரிலேயே கடுகு, மிளகாய், மஞ்சள் அரைத்துக் கலக்குவார்கள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் கை வைக்காமல் இருப்பதுதான் இதில் உள்ள ஒரே சிரமமான செய்முறை.

மோர் மிளகாய் மாடிக்கும் அடுப்படிக்குமாக அலைகிற சரக்கு. கீறி உப்பு மோரில் ஊறவைத்த மிளகாய் பகலில் மாடியில் காயும், ராத்திரி அதே மோருக்குத் திரும்பும். மோர் முழுக்க வற்றும்வரை இப்படியே. காயும்போது மிளகாயின் நீர் போகிறது, அந்த இடத்தில் ராத்திரி உப்பும் புளிப்பும் ஏறுகின்றன. ஒரேயடியாகக் காயவைத்துவிட்டால் உப்பு தோலோடு நின்றுவிடும். மாடியில் இதற்கென்று தனி இடம் ஒதுக்க மாட்டார்கள், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஒரு சொளகு போதும்.

வேப்பம்பூவுக்கு அதுவும் தேவையில்லை. விடிகாலையில் மரத்தடியில் வேட்டி விரித்து உதிர்ந்ததை எடுத்து, சருகு புடைத்து நிழலிலேயே உலர்த்திவிடலாம். மரம் இல்லாத வீட்டுக்காரர்கள் சித்திரைக்கு முந்தின நாள் சந்தையில் கூறு கட்டி விற்பதை வாங்குகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டு மூலையில் ஒரு புதுப் பானை வந்து உட்காரும். மணல் பரப்பி அதன்மேல் தண்ணீர்ப் பானை. இதுவும் காய்வதன் கணக்குதான். பானையின் நுண்துளை வழியே கசிகிற நீர் ஆவியாகும்போது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பத்து லிட்டர் பானையில் நூறு மில்லி ஆவியானால், மிச்சத் தண்ணீர் ஐந்தாறு டிகிரி குளிரலாம். வெளியிலிருந்து சூடு மறுபடி ஏறுவதால் முழுக் கணக்கும் கைக்கு வராது, இருந்தாலும் தொண்டைக்குத் தெரிகிற வித்தியாசம் உண்டு. கூழைக் காயவைத்த அதே வறண்ட காற்றுதான் இதையும் செய்கிறது. கடலோர ஊர்களில் பானை இவ்வளவு குளிராததற்குக் காரணமும் அதுவே. பழைய பானையில் துளைகள் உப்பால் அடைபட்டுப்போவதால் வருஷா வருஷம் புதிது வாங்குகிறார்கள்.

அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர்கள், "எங்களுக்கு மாடியே பூட்டிக் கிடக்கிறதே" என்பார்கள். நியாயம்தான். கூழ்வத்தலையும் மிளகாய்ப் பொடியையும் நல்ல கடையில் வாங்கிக்கொள்வதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். நாலு மணிக்கு எழுந்து ஆறு பேர் சேர்ந்து செய்த வேலையை ஒருத்தர் தனியாகச் செய்ய முயன்றால் இடுப்புதான் போகும். மாவடுவும் மோர் மிளகாயும் மட்டும் வீட்டில் செய்துபாருங்கள். ஒன்றுக்கு வெயிலே வேண்டாம், இன்னொன்றுக்குப் பால்கனியில் விழுகிற மூன்று மணி நேர வெயில் போதும், இரண்டு நாள் கூடுதலாகும் அவ்வளவுதான். புளியும் வீட்டில் ஆய்ந்ததே மேல், டிவி பார்த்துக்கொண்டே கொட்டை எடுக்கலாம். வீட்டு ஆண்கள் செய்ய இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியாக, நாலு மணிக்குத் திடீரென்று வானம் இருட்டி முதல் தூறல் விழுந்தால் மாடியிலிருந்து எதை முதலில் எடுப்பது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அப்போது யோசிக்க நேரம் இருக்காது. அன்று பிழிந்த கூழ்வத்தல் வேட்டியின் நாலு முனையையும் இரண்டு பேர் பிடித்துத் தூக்குவது முதல் வேலை, நனைந்தால் அது கரைந்தே போகும். அடுத்தது மிளகாயும் மல்லியும், ஈரம் பட்டால் நிறம் செத்துப் பூஞ்சை பிடிக்கும். மூன்றாவது புளி. மோர் மிளகாய்க்கு நனைவது பழக்கம்தான், ஆனால் மழைத் தண்ணீரில் உப்பு போய்விடும், போகிற போக்கில் சொளகை இழுத்துக்கொள்ளலாம். பிறகு போர்வை, தலையணை, அதற்கும் அப்புறம் கொடித் துணி. அதை எடுக்கப் போகிறவர் வீட்டுக்காரராகத்தான் இருப்பார், மற்ற எல்லோர் கையிலும் ஏதாவது இருக்கும்.